மார்ச் 8 அன்று மழலையர் வகுப்பறைச் சுவரில் யார் இருக்க வேண்டும்?

பிப்ரவரி கடைசி வாரம் வந்துவிட்டால், மழலையர் பள்ளி ஆசிரியைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: மகளிர் தினத்துக்கு வகுப்பறையை எப்படி அலங்கரிப்பது? இருபது ஆண்டுகளுக்கு மேலாக முன்பருவக் கல்வி ஆசிரியைகளுக்குப் பயிற்சி அளித்துவரும் நான், வண்ணக் காகிதம் வாங்கக் கடைக்குப் போகும் முன் வகுப்பறை வாசலில் ஒரு நிமிடம் மண்டியிட்டுப் பாருங்கள் என்றே அவர்களிடம் சொல்வேன். மூன்று வயது நிறைந்த குழந்தையின் சராசரி உயரம் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். அதன் கண்கள் தரையிலிருந்து 85 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். நாற்காலிமேல் ஏறி நின்று நாம் கட்டும் தோரணமும், கரும்பலகைக்கு மேலே ஒட்டும் தெர்மோகோல் எழுத்துகளும் அந்தக் கண்களுக்கு எட்டுவதில்லை. அவை வாசலில் நிற்கும் பெற்றோருக்கும், கைப்பேசியில் எடுக்கப்படும் படத்துக்கும் எட்டுகின்றன. ஆகவே, குழந்தைகளுக்கான அலங்காரம் தரையிலிருந்து ஒரு மீட்டருக்குள் அமைய வேண்டும் என்பதே என் முதல் வேண்டுகோள்.

அங்கே எதை ஒட்டுவது என்பதற்கு இந்த நாளின் வரலாறே வழி காட்டுகிறது. 1910-ஆம் ஆண்டு கோபன்ஹேகனில் கூடிய சோசலிசப் பெண்கள் மாநாட்டில் கிளாரா ஜெட்கின் உள்ளிட்டோர் இப்படியொரு நாளை முன்மொழிந்தனர். அடுத்த ஆண்டு ஜெர்மனி, ஆஸ்திரியா, டென்மார்க், சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளில் வாக்குரிமையும் வேலை உரிமையும் கேட்டுப் பெண்கள் திரண்டனர். 1917-இல் ரஷ்யாவின் பெத்ரோகிராத் நகரில் நெசவாலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்து தெருவில் இறங்கிய நாள், நாம் இன்று பயன்படுத்தும் நாட்காட்டியில் மார்ச் 8. ஐக்கிய நாடுகள் அவை இந்த நாளைக் கடைப்பிடிக்கத் தொடங்கியது 1975-இல். இதையெல்லாம் மூன்று வயதுக் குழந்தைக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஆசிரியைக்குத் தெரிந்திருக்க வேண்டும். உழைக்கும் பெண்கள் உருவாக்கிய நாளுக்குக் கிரீடம் சூடிய இளவரசிப் படங்களையும் ரோஸ் நிற இதயங்களையும் கடையிலிருந்து வாங்கி ஒட்டும்போது, நாளின் பொருள் சுவரிலிருந்து முழுவதுமாக நழுவிப்போகிறது.

சாதனைப் பெண்களின் படங்கள் அச்சிட்ட சார்ட் பலகைகளைப் பல பள்ளிகளில் காண்கிறேன். ஐந்து வயதைக் கடந்தவர்களுக்கு ஒருவரைப் பற்றிக் கதையாகச் சொல்லலாம். புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்து, மருத்துவராகி, ஆதரவற்ற சிறுமிகளுக்காக 1930-இல் அவ்வை இல்லத்தைத் தொடங்கிய முத்துலட்சுமி ரெட்டியின் கதையை அவர்கள் ஆர்வத்துடன் கேட்பார்கள். அதற்கும் குறைந்த வயதுக்கு அறிமுகமில்லாத முகம் ஒரு முகம் மட்டுமே. அந்தக் குழந்தை அறிந்த பெண்கள் வேறு: காலையில் வகுப்பைப் பெருக்கி, மதியம் சாதம் பிசைந்து ஊட்டும் ஆயா, தடுப்பூசி போட வரும் செவிலியர், வாசலில் பூக்கட்டி விற்கும் அக்கா, பேருந்தில் சீட்டுக் கொடுக்கும் நடத்துநர், நாற்று நடப் போகும் அப்பத்தா. இவர்கள்தாம் அந்தச் சுவரில் இருக்க வேண்டியவர்கள் என்பது என் உறுதியான கருத்து.

என் தொடக்க ஆண்டுகளில் நானே ஒரு தவறு செய்தேன். மகளிர் தினத்துக்காக "என் அம்மா" என்று தலைப்பிட்டுப் பெரிய பலகை ஒன்றை அமைத்து, ஒவ்வொரு குழந்தையும் தன் தாயின் புகைப்படத்தைக் கொண்டுவர வேண்டும் என்று வீட்டுக்குச் சீட்டு அனுப்பினேன். பலகை அழகாகத்தான் இருந்தது. ஆனால், தாயை இழந்து பாட்டியிடம் வளர்ந்துவந்த ஒரு சிறுவன், அன்று காலை முழுவதும் அந்தப் பலகைக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தான். சேர்க்கைப் படிவத்தில் இருந்த தகவலை நான் நினைவில் வைத்திருந்தால் அந்தக் காலை அவனுக்கு வேறுவிதமாக விடிந்திருக்கும். மறுநாள் அவன் பாட்டியின் படத்தைக் கேட்டு வாங்கி ஒட்டினேன் என்றாலும், ஒரு குழந்தையைத் தனியாக நிற்க வைத்த பிறகு செய்யும் திருத்தம் அது. மகளிர் தினமும் அன்னையர் தினமும் வெவ்வேறு. "என்னைப் பார்த்துக்கொள்ளும் பெண்" என்று தலைப்பை மாற்றினால் அத்தையும், பெரியம்மாவும், விடுதிக் காப்பாளரும் உள்ளே வந்துவிடுவார்கள். எந்தக் குழந்தையும் வெறுங்கையோடு நிற்காது.

வேலையை மார்ச் 8-க்கு நான்கைந்து நாள்கள் முன்பே குழந்தைகளோடு பேசித் தொடங்குவது நல்லது. "நமக்குச் சோறு ஊட்டுவது யார்? அவர் காலையில் எத்தனை மணிக்கு வருகிறார்? கையில் என்ன வைத்திருப்பார்?" என்று கேட்டால், நாம் கவனிக்காததையெல்லாம் குழந்தைகள் சொல்வார்கள். ஒருமுறை ஆயாவை வரையச் சொன்னபோது ஏறக்குறைய எல்லாப் படங்களிலும் ஒரு சாவிக்கொத்து இருந்தது. அவர் இடுப்பில் சாவி தொங்குவதை அதுவரை நான் பார்த்ததே இல்லை. செவிலியரை வரைந்தவர்கள் ஊசியை ஆளைவிடப் பெரிதாக வரைந்திருந்தார்கள். அந்தப் படங்களைத் திருத்தாமல் அப்படியே ஒட்டுங்கள். ஆசிரியை கோடு போட்டுக் கொடுத்து, குழந்தை வண்ணம் மட்டும் தீட்டிய முப்பது ஒரேமாதிரிப் பூக்களைவிட, யாரென்று அடையாளம் தெரியாத ஒரு கிறுக்கல் மேலானது. படத்தின் கீழே குழந்தை சொன்ன சொற்களை அது சொன்னபடியே எழுதிவைத்தால், எழுத்து என்பது பேச்சின் பதிவு என்பதையும் அது கண்டுகொள்ளும்.

ஓரங்களுக்கு வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி வண்ணத்தில் தோய்த்து அச்சு வைக்கலாம். வாசலில் புள்ளி வைத்துக் கொடுத்தால் சாக்பீஸால் அவர்களே கோலம் இழுப்பார்கள். சிறுவர்களும் கோலம் போட வேண்டும். சிறுமிகளுக்கு மட்டும் ரோஜாப்பூ கொடுத்து, சிறுவர்களைக் கைதட்டச் சொல்லும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

இவ்வளவு போதுமா, அறை வெறுமையாகத் தெரியாதா என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அன்னா ஃபிஷர் குழுவினர் 24 மழலையர் வகுப்புக் குழந்தைகளை வைத்து நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வைப் பயிற்சிகளில் எடுத்துச் சொல்கிறேன். சுவர் முழுவதும் படங்கள் நிறைந்த அறையில் குழந்தைகள் பாட நேரத்தில் 38.6 விழுக்காட்டைக் கவனச் சிதறலில் கழித்தார்கள். அலங்காரம் நீக்கிய அறையில் அது 28.4 விழுக்காடு. பாடத்துக்குப் பிந்தைய தேர்விலும் வெறுமையான அறையில் படித்தபோதே அவர்கள் அதிக மதிப்பெண் பெற்றார்கள். சிறிய ஆய்வுதான் என்றாலும், வகுப்பறையில் நான் கண்டதோடு அது பொருந்துகிறது. ஒரு சுவரை மட்டும் அலங்கரித்து, குழந்தைகள் பாடம் கேட்கும்போது பார்க்கும் சுவரைச் சும்மா விட்டுவிடுங்கள்.

பலூன் பற்றி நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். உடைந்த ரப்பர் பலூன் துண்டு குழந்தையின் மூச்சுக்குழாயில் அதன் வடிவத்துக்கேற்பப் படிந்து ஒட்டிக்கொள்வதால், முதுகில் தட்டி அதை வெளியேற்றுவது மிகக் கடினம். எட்டு வயதுக்கு உட்பட்டோருக்கு மூச்சடைப்பு ஏற்படலாம் என்ற எச்சரிக்கையைப் பலூன் உறையில் அச்சிடுவது அமெரிக்காவில் சட்டப்படி கட்டாயம். ஆறு வயதுக்கு உட்பட்டோர் இருக்கும் அறைக்குள் பலூன் வேண்டவே வேண்டாம். ஊதாத பலூன் பொட்டலம் மேசை இழுப்பறையில் கிடப்பதும் ஆபத்துதான். சம்கி, பாசிமணி, ஜிகினாத் தூள், குண்டூசி ஆகியவையும் அப்படியே. ஸ்டேப்லர் ஊசிகள் தரையில் உதிர்ந்து வெறுங்காலில் ஏறும். மைதாப் பசையோ செல்லோடேப்போ போதும்.

கிரேப் தாள் தோரணங்களை மின்விசிறி, விளக்கு, பிளக் ஆகியவற்றின் அருகில் கட்டாதீர்கள். கதவையும் சன்னலையும் மறைத்து எதையும் தொங்கவிடாதீர்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையலறைத் தீ கீற்றுக் கூரைக்குப் பரவி 94 குழந்தைகளைப் பறித்ததை அறிந்த நாம், எளிதில் தீப்பற்றும் எதையும் குழந்தைகளின் தலைக்குமேல் கட்டத் தயங்க வேண்டும்.

ஒரு வாரம் கழித்துச் சுவரில் உள்ளதைக் கழற்றி, யார் வரைந்த படத்தை அவரிடமே கொடுத்து, வரையப்பட்டவரிடம் கொண்டு சேர்க்கச் சொல்லுங்கள். செவிலியர் படத்தை அடுத்த தடுப்பூசி நாள்வரை எடுத்துவைத்திருங்கள். ஊசிக்கு அழும் குழந்தையே அதை நீட்டும்போது அவர் முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். சாவிக்கொத்துப் படங்களில் ஒன்றை மட்டும் சாப்பாட்டு இடத்துக்குப் பக்கத்தில் அந்த ஆண்டு முழுவதும் வைத்திருந்தோம். அதைக் கழற்றக் கூடாது என்று கேட்டுக்கொண்டவர் அந்த ஆயாதான்.