டிராகன் ஏன் மெதுவாகப் பறக்க முடியாது?

மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதாபாத்திரங்களாக ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில் வளர்ந்த சிவப்பு டிராகனின் பறக்கும் வேகம் ஒரு ரவுண்டுக்கு 80 அடி. ஒரு ரவுண்டு என்பது 6 விநாடி. கணக்குப் போட்டால் மணிக்கு 15 கிலோமீட்டர்கூட வரவில்லை. தாக்குதலை விட்டுவிட்டு 'டேஷ்' எடுத்து இரண்டு மடங்காக்கினாலும் 29தான், சைக்கிளில் அழுத்தி மிதிப்பவர் பக்கத்திலேயே வந்துவிடலாம்.

இந்த வேகம் சுவாரஸ்யமாக இல்லை என்று ஆடுபவர்கள் குறைப்பட்டுக்கொள்வதுண்டு. எனக்கு அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று தெரிகிறது. இவ்வளவு மெதுவாகப் போனால் அந்த உடம்பு காற்றில் நிற்காது, விழுந்துவிடும்.

இறக்கை தரும் தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். வேகம் பாதியானால் விசை கால்வாசி. அதனால் பறக்கிற எதற்குமே ஒரு குறைந்தபட்ச வேகம் உண்டு, அதற்குக் கீழே போனால் தூக்குவிசை போதாமல் கீழே இறங்கிவிடும், விமானிகள் 'ஸ்டால்' என்று சொல்வது இதைத்தான். நம் டிராகனின் எடை 9 டன், இறக்கைப் பரப்பு 120 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம் (போயிங் 737இன் இறக்கை கிட்டத்தட்ட இவ்வளவுதான், ஆகவே நான் கஞ்சத்தனம் காட்டவில்லை). நல்ல வளைவுள்ள இறக்கை என்றே எடுத்துக்கொண்டாலும் குறைந்தபட்ச வேகம் மணிக்கு 103 கிலோமீட்டர் வருகிறது. விளையாட்டுப் புத்தகம் சொல்லும் வேகத்தில் அதே இறக்கை தூக்கக்கூடிய எடை சுமார் 180 கிலோ. அது டிராகனின் தலைக்குக்கூடப் போதுமா என்பது சந்தேகம். அந்த வேகத்திலேயே பறந்தாக வேண்டுமென்றால் இறக்கை 50 மடங்கு பெரிதாக வேண்டும், அதாவது 6,000 சதுர மீட்டர், ஏறக்குறைய ஒரு கால்பந்து மைதானம்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது கலிலியோ காலத்திலிருந்தே தெரிந்த விஷயம். ஓர் உயிரினத்தை நீள அகல உயரத்தில் இரண்டு மடங்காக்கினால் இறக்கைப் பரப்பு 4 மடங்குதான் ஆகும், எடையோ 8 மடங்காகிவிடும். உருவம் பெருக்கப் பெருக்க, விழாமல் இருப்பதற்கே வேகமாகப் போக வேண்டியிருக்கிறது. ராஜஸ்தானின் கானமயிலில் பெரிய ஆண் 15 கிலோ வரை இருக்கும், பறக்கும் பறவைகளில் அதுவே மிகக் கனமான வகைகளில் ஒன்று. டெக்சாஸில் புதைபடிவமாகக் கிடைத்த பறக்கும் ஊர்வனமான குவெட்சால்கோட்லஸ், 10 மீட்டருக்கு மேல் இறக்கை விரிப்பு உள்ளது, அதுவே சுமார் 200 முதல் 250 கிலோ இருந்திருக்கும் என்றுதான் மதிப்பிடுகிறார்கள். 9 டன் உடம்பைத் தசையால் நெடுநேரம் சுமக்க வழியே இல்லை. கழுகு போல வெப்பக் காற்றில் வட்டமிட்டு மேலே ஏறுவதுதான் அதற்குக் கட்டுப்படியாகும்.

சரி, ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போதுதான் உண்மையான வேகம் வருகிறது, ஏனென்றால் உயரம் என்பது சேமித்து வைத்த ஆற்றல். பொரி வல்லூறு செய்வது இதைத்தான்: இறக்கையை உடம்போடு ஒட்டி, நீர்த்துளி வடிவத்தில் தலைகீழாகப் பாயும். 1999இல் அமெரிக்காவில் ஒரு பழக்கப்பட்ட வல்லூறு இப்படிப் பாய்ந்தபோது மணிக்கு 389 கிலோமீட்டர் பதிவானது, அதன் எடை ஏறத்தாழ ஒரு கிலோதான். கனமான உடம்புக்கு இங்கே லாபம், எடை கூடும் அளவுக்குக் காற்றுத்தடை கூடுவதில்லை. நம் டிராகன் 2 கிலோமீட்டர் செங்குத்தாகப் பாய்ந்தால், என் கணக்கில் காற்றுத்தடை போக விநாடிக்கு 185 மீட்டர், மணிக்கு சுமார் 670 கிலோமீட்டர்.

ஆபத்து பாய்வதில் இல்லை, நிமிர்வதில்தான். அந்த வேகத்தில் இறக்கையை முழுதாக விரித்தால் எடையைப் போல 40 மடங்குக்கு மேல் விசை ஏறும், தோள் பிய்ந்துவிடும். வல்லூறு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்கையைத் திறக்கிறது, டிராகனும் அப்படித்தான் செய்ய வேண்டும். எடையைப் போல 5 மடங்கு தாங்கும் என்று தாராளமாக விட்டாலும் ஒவ்வோர் இறக்கைக்கும் 22 டன் சுமை. தசையை மட்டும் நம்பி அதைப் பிடித்து நிறுத்த முடியாது, அல்பட்ராஸ் என்ற கடற்பறவைக்கு இருப்பது போலத் தோளைப் பூட்டிக்கொள்ளும் தசைநாண் ஒன்று வேண்டும். அப்போதும் நிமிரும் வளைவின் ஆரம் கிட்டத்தட்ட 880 மீட்டர். ஆகவே, தரையில் மோதாமல் இருக்க 3 கிலோமீட்டர் உயரத்திலிருந்தாவது பாய ஆரம்பிக்க வேண்டும்.

சாதாரணத் திருப்பமும் லேசுப்பட்டதில்லை. உடம்பை 60 டிகிரி சாய்த்து, முடிந்தவரை மெதுவாக, மணிக்கு 145 கிலோமீட்டரில் திரும்பினாலும் ஆரம் 96 மீட்டர். விளையாட்டு வரைபடத்தில் ஓர் அங்குலக் கட்டம் 5 அடி, ஆக 63 கட்டம். ஒரு முழு வட்டம் போடப் பத்தரை அடி அகல மேசை வேண்டும்.

அப்புறம் நெருப்பு. விதிப்படி அது 60 அடி நீளக் கூம்பு. பாயும் வேகத்தில் ஊதினால் எதிர்க்காற்று நெருப்பைச் சட்டென்று நிறுத்திவிடும், டிராகன் பத்தில் ஒரு விநாடியில் தன் நெருப்புக்குள்ளேயே புகுந்து வெளியே வரும். சிவப்பு டிராகனை நெருப்பு சுடாது என்ற விதி இங்கே உயிர் காக்கிற விதி.

அதற்காகப் புத்தகத்திலுள்ள 80 அடியை மாற்றச் சொல்லமாட்டேன், கட்டம் போட்ட மேசைக்கு அது வசதியான எண். டிராகனை மேசையில் வைக்காதீர்கள் என்றுதான் ஆட்டத்தை நடத்தும் டஞ்சன் மாஸ்டர்களைக் கேட்டுக்கொள்வேன். அது 3 கிலோமீட்டர் மேலே ஒரு புள்ளியாக இருக்கட்டும். பாய்ந்து நிமிர்ந்து வரும்போது ஒரு ரவுண்டில் 1,100 மீட்டர் கடக்கும், நீள்வில் எட்டும் 600 அடியை ஒரே விநாடியில் தாண்டிவிடும். வில்லாளிக்கு ஓர் அம்புதான். அதன்பின் அந்த வேகத்தையே உயரமாக மாற்றி மேலே ஏறி, அகலமாகத் திரும்பி, மறுபடி பாய அதற்கு ஒரு நிமிடமாவது ஆகும். ஒரு நிமிடம் என்றால் 10 ரவுண்டு. எரிகிற கூரைக்கடியிலிருந்து ஆட்களை இழுத்து வெளியே போடுவதும், கிணற்றுக்குள் இறங்குவதும், கோபுர உச்சிக்கு வில்லோடு ஓடுவதும் அந்தப் பத்து ரவுண்டுக்குள் நடக்க வேண்டும். அவ்வளவு நேரமும் ஒருவர் வானத்தைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும்.