முதல் கம்ப்யூட்டரை வீட்டிலேயே அசெம்பிள் செய்கிறீர்களா? பெட்டியில் உள்ள சின்ன எழுத்துகளைப் படியுங்கள்

கல்லூரி திறக்கிற ஜூன் மாதம். ஒருவர் தம் மகளோடு என் சர்வீஸ் கடைக்கு வந்தார். ஆட்டோவில் கேபினட்டை மடியில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறார். மகள் அந்த ஆண்டு பி.ஆர்க். சேர்ந்திருந்தாள். “எல்லாமே புதிய சாமான் சார். வீடியோ பார்த்து இவளே மாட்டினாள். ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரையில் மட்டும் ஒன்றுமே வரவில்லை” என்றார்.

பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தேன். அவ்வளவு சுத்தமான வேலை. கேபிள்களை ஒழுங்காகப் பின்புறம் இழுத்துக் கட்டியிருந்தாள். தற்காலிக நினைவகமான ரேம் சரியான இடத்தில் உட்கார்ந்திருந்தது. கம்ப்யூட்டரின் மூளையான பிராசசர் வந்த அட்டைப் பெட்டியைக் காட்டச் சொன்னேன். அதில் ஐ5-12400 என்ற எண்ணை ஒட்டி ‘எஃப்’ என்று ஓர் எழுத்து இருந்தது. அந்த எழுத்துதான் காரணம். இன்டெல் பிராசசரில் ‘எஃப்’ இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் வசதி இல்லை என்று பொருள். தனியாக கிராபிக்ஸ் கார்டு போட்டால்தான் திரையில் படம் வரும். கார்டை அடுத்த செமஸ்டரில் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்திருக்கிறார்கள். விலை கொஞ்சம் குறைவு என்று கடையில் இதை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். பெட்டியைப் பிரித்துவிட்டதால் திருப்பி எடுத்துக்கொள்ளவும் மறுத்துவிட்டார்கள்.

இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் பிராசசர்களில் கணக்கு வேறு. ரைசன் 5 5600-இல் கிராபிக்ஸ் கிடையாது, 5600ஜி-யில் உண்டு. 7600-இல் சாதாரண வேலைக்குப் போதுமான அளவு உண்டு, 7500எஃப்-இல் இல்லை. கார்டு இப்போது வாங்கப்போவதில்லை என்றால் பணம் கொடுப்பதற்கு முன் இந்த ஒன்றையாவது பார்த்துவிடுங்கள்.

என்னிடம் ஆலோசனை கேட்டு வருகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது, “ஐ5 போடலாமா, ஐ7 போடலாமா?” என்றுதான். நான் திருப்பிக் கேட்பது, “என்ன வேலை செய்யப்போகிறீர்கள்?” டேலி, ஆன்லைன் வகுப்பு, இணையம், கொஞ்சம் எக்செல் என்றால் ஐ3-12100 தாராளமாகப் போதும். புரோகிராமிங், அவ்வப்போது வீடியோ எடிட்டிங் என்றால் ஆறு கோர் (கணக்கிடும் பகுதி) உள்ள ஐ5-12400 அல்லது ரைசன் 5 எடுக்கலாம். அதற்கு மேல் போகிற பணத்தை, முதல் கம்ப்யூட்டர் வாங்குகிற வீட்டில், வேறு உறுப்புகளுக்குச் செலவிடுவதே நல்லது என்பது என் அனுபவம்.

ஐ7 என்ற பெயரை நம்பி ஏமாந்து வருகிறவர்களைப் பார்க்கும்போதுதான் மனம் வலிக்கிறது. ‘ஐ7, 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி’ (கோப்புகளைச் சேமிக்கும் பகுதி) என்று மிகக் குறைந்த விலையில் விளம்பரம் வரும். பிரித்துப் பார்த்தால் உள்ளே ஐ7-2600 அல்லது ஐ7-3770 இருக்கும். முதலாவது 2011-இல் வந்தது, இரண்டாவது 2012-இல் வந்தது. 2022-இல் வந்த ஐ3-12100-க்கும் அதே நான்கு கோர், எட்டு திரெட்தான் (ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலை வரிசைகள்). ஆனால் ஒவ்வொரு கோரும் அவற்றைவிட மிகவும் தெம்பானது. பழைய ஐ7-ஐ விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதும் இல்லை. அது ஏற்கும் இன்டெல் பிராசசர்களின் பட்டியல் பொதுவாக எட்டாம் தலைமுறையில்தான் தொடங்குகிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது.

தலைமுறையைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. டெஸ்க்டாப்புக்கான இந்த ஐ3, ஐ5, ஐ7 வரிசைகளில் எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களை விரலால் மறைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் இருப்பதுதான் தலைமுறை. 3770-ஐ மறைத்தால் 3. 12400-ஐ மறைத்தால் 12.

பிராசசர் முடிவானால், எல்லா உறுப்புகளையும் இணைக்கும் பலகையான மதர்போர்டு பாதி முடிவான மாதிரி. இன்டெலின் 12, 13, 14 ஆகிய தலைமுறைகளுக்கு ஒரே சாக்கெட், அதாவது பிராசசர் உட்காரும் இடம். ஆனால் அதே சாக்கெட் உள்ள போர்டுகளில் சில டிடிஆர்4 வகை ரேமுக்கானவை, சில டிடிஆர்5-க்கானவை. ஒன்றில் மற்றதைச் செருக முடியாது. ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் டிடிஆர்4-க்கு மட்டும், 2022-இல் வந்த ஏஎம்5 டிடிஆர்5-க்கு மட்டும். நாலைந்து ஆண்டு கழித்து பிராசசரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் ஏஎம்5 பக்கம் போகலாம். கையில் பணம் குறைவு என்றால் ஏஎம்4-இல் இன்றைக்கும் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பழைய போர்டில் புதிய பிராசசர் போடுவதானால் பயாஸ் (போர்டுக்குள்ளேயே இருக்கும் தொடக்க மென்பொருள்) அப்டேட் தேவைப்படலாம். அதைக் கடையிலேயே செய்து தரச் சொல்லி, திரையில் படம் வருவதைப் பார்த்துவிட்டு எடுத்துவாருங்கள்.

இனி எஸ்எம்பிஎஸ், அதாவது கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் தருகிற பெட்டி. இதைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையையே எழுத உட்கார்ந்தேன்.

பிராசசருக்கு இருபதாயிரம் வரை கொடுக்கத் தயாராக இருக்கிறவர்கள்கூட, கேபினட்டோடு சேர்ந்து வருகிற எஸ்எம்பிஎஸ்ஸே போதும் என்று விட்டுவிடுகிறார்கள். அதன் மேல் ‘450 வாட்’ என்று பெரிதாக அச்சடித்திருக்கும். அதை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் சிறிய அட்டவணையைப் பாருங்கள். அதில் +12 வோல்ட் என்ற இடத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கும். என் மேசைக்கு வந்த ஒன்றில் 14 ஆம்பியர் என்று இருந்தது. பன்னிரண்டைப் பதினான்கால் பெருக்கினால் 168 வாட். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் மின்சாரம் எடுப்பது இந்த 12 வோல்ட்டில் இருந்துதான். ஐ5-12400-க்கு 65 வாட் என்று போட்டிருந்தாலும் முழு வேகத்தில் 117 வாட் வரை போகும். 130 வாட் கேட்கிற ஒரு நடுத்தர கார்டையும் சேர்த்தால் 247. அந்த எஸ்எம்பிஎஸ் எங்கே தாங்கும்? அதைப் பயன்படுத்திய பையன் எடிட் செய்த வீடியோவை ரெண்டர் செய்யும்போதெல்லாம் கம்ப்யூட்டர் அணைந்துகொண்டிருந்ததாம். கடைசியில் ஒருநாள் கருகிய வாடை வந்திருக்கிறது. நான் திறந்தபோது கெபாசிட்டர்களின் தலை உப்பி, ஒன்று வெடித்துப் பழுப்பு நிறத்தில் கசிந்திருந்தது. அது போகும்போது மதர்போர்டையும் எஸ்எஸ்டியையும் சேர்த்தே கொண்டுபோய்விட்டது. எஸ்எஸ்டியில் அவன் அக்காவின் திருமண வீடியோ இருந்தது. எவ்வளவோ முயன்றும் என்னால் அதை மீட்டுத் தர முடியவில்லை.

உண்மையான 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் 12 வோல்ட்டுக்கு நேரே ஏறக்குறைய 35 ஆம்பியருக்கு மேல் இருக்கும். ‘80 பிளஸ்’ முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். அது மின்சாரம் வீணாகாத அளவைச் சொல்கிற முத்திரை மட்டுமே, என்றாலும் மிக மட்டமான சரக்கை வடிகட்ட உதவும். யூபிஎஸ் வாங்கும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். 600 விஏ என்று பெரிதாக எழுதியிருப்பது பல மாடல்களில் 360 வாட்தான் தாங்கும்.

அடுத்தது எர்த். கேபினட்டைத் தொட்டால் சுரீர் என்கிறது என்று மாதம் இரண்டு பேராவது வருகிறார்கள். அவர்கள் வீட்டுக்குப் போய் டெஸ்டரைக் கேபினட்டின் திருகில் வைத்தால் விளக்கு எரியும். எஸ்எம்பிஎஸ் பழுது என்று நினைத்துவிட வேண்டாம். அதற்குள் இருக்கும் வடிகட்டிக் கெபாசிட்டர்கள் மின்கம்பிகளைக் கேபினட்டின் உடலோடு இணைக்கின்றன. எர்த் இருந்தால் அந்தச் சிறு கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் வீட்டு மின்னழுத்தத்தில் பாதியளவு கேபினட்டின் மேலேயே நிற்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் சுரீர் என்பதோடு நிற்கிறது. ஆனால் யூஎஸ்பி-யில் செருகுகிற கருவிகள் அதனாலும் கெட்டுப்போகலாம். தயவுசெய்து மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை உடைக்காதீர்கள், இரண்டு பின் மாற்றியும் போடாதீர்கள். கம்ப்யூட்டர் வாங்குவதற்கு முன்பே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த பிளக் பாயிண்டில் எர்த் வருகிறதா என்று சோதித்துவிடுங்கள். சுரீர் என்பதோடு நிற்காமல் கையை இழுத்துப் பிடிக்கிற அளவுக்கு ஷாக் அடித்தால் அது வேறு பழுது. உடனே மெயினை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

ரேமைப் பொறுத்தவரை, கிராபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டருக்கு 16 ஜிபி ஒன்றைவிட 8 ஜிபி இரண்டு போடுவது நல்லது. நான்கு ஸ்லாட் உள்ள போர்டுகளில் பொதுவாகப் பிராசசர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும். 2025-இன் கடைசியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியிருப்பதால் இரண்டையும் ஒரே நேரத்தில் வாங்க முடியாமல் போகலாம். அப்போது ஒன்றை வாங்கி, காலி ஸ்லாட் உள்ள போர்டாகப் பார்த்துக்கொள்ளுங்கள். போர்டில் நேரடியாகச் செருகுகிற எம்.2 எஸ்எஸ்டியில் என்விஎம்இ, சாட்டா என இரு வகை உண்டு. பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். உங்கள் போர்டு எதை ஏற்கும் என்பது அதன் கையேட்டில் இருக்கிறது.

பெட்டியில் அடைத்து வருகிற பிராசசருக்கு நிறுவனமே 3 ஆண்டு வாரண்டி தருகிறது. ‘டிரே’ என்று பெட்டி இல்லாமல் விற்பதற்கு அது கிடையாது, கடைக்காரர் எழுதித் தருவதுதான் வாரண்டி. புதிய சாக்கெட்டுகளில் மெல்லிய பின்கள் மதர்போர்டில்தான் இருக்கின்றன. ஒன்று வளைந்தாலும் வாரண்டியை மறுத்துவிடுவார்கள். அதனால் கடையிலேயே மூடியைத் திறக்கச் சொல்லி, சாக்கெட்டைப் போனில் பளிச்சென்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிராசசரை மாட்டும்போது கழன்று வருகிற அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் மூடியைத் தூக்கி எறியாதீர்கள். போர்டைச் சர்வீசுக்கு அனுப்பும்போது அது இல்லாமல் வாங்க மாட்டார்கள். அதை ஜிஎஸ்டி பில்லோடு சேர்த்து மதர்போர்டு பெட்டிக்குள்ளேயே போட்டு, பெட்டியைப் பரணில் ஏற்றிவிடுங்கள்.