பழைய தொழில்முறைக் கமராவில் எது முதுமையடைகிறது?

ஹற்றனிலோ நுவரெலியாவிலோ திருமணங்களையும் தேர்த் திருவிழாக்களையும் படமெடுத்துத் தொழில் தொடங்க விரும்பும் ஒருவருக்கு, புதிய ஆரம்பநிலைக் கமரா ஒன்றின் விலைக்குள் பழைய தொழில்முறைக் கமரா ஒன்று கிடைக்குமானால், அவர் எதை வாங்குவது? 2007ஆம் ஆண்டில் அறிமுகமான நிக்கோன் டி3 போன்ற கருவிகளை மனத்தில் கொண்டே இதை எழுதுகிறேன். இத்தகைய கருவியின் வயதை ஆண்டுகளால் அளப்பது பயன் தராது. அதன் எந்தப் பகுதி தேய்கிறது, எந்தப் பகுதி தேய்வதில்லை என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் ஒளியுணரி. சிலிக்கனில் வந்து மோதும் போட்டோன்கள் இலத்திரன்களை விடுவிக்கின்றன. அவற்றின் தொகையே ஒவ்வொரு படத்துணுக்கின் (பிக்சலின்) வெளிச்சமாகப் பதிகிறது. அசையும் பாகம் எதுவும் இல்லாத இந்தப் பகுதி, பல ஆண்டுகள் கடந்தும் பெரிதாக மாறுவதில்லை. சில துணுக்குகள் பழுதடைந்து வெண்புள்ளிகளாகத் தெரியலாம். வில்லையை மூடி, நீண்ட நேரத் திறப்பில் ஒரு படம் எடுத்தால் அவை வெளிப்பட்டுவிடும்.

ஒளி ஒரே சீராக வந்து விழுவதில்லை. சராசரியாக 10,000 இலத்திரன்கள் சேரும் துணுக்கில் ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலமாகிய 100, அதாவது 1 சதவீதம். 100 மட்டுமே சேரும் இருண்ட மூலையில் அது 10 சதவீதமாகி, படத்தில் மணல் தூவியது போலத் தெரிகிறது. ஆகவே அதிக ஒளியைச் சேர்க்கும் பெரிய பரப்புக்கு இயற்கையே சலுகை அளிக்கிறது. டி3இன் ஒளியுணரி ஏறத்தாழ 36க்கு 24 மில்லிமீற்றர். பல ஆரம்பநிலைக் கமராக்களில் அது 24க்கு 16 அளவே. பரப்பில் இரண்டு மடங்குக்கும் அதிகமான இந்த வேறுபாடு, மின்குமிழ் வெளிச்சத்தில் நடக்கும் இரவுத் திருவிழாவில் பெரிதும் உதவும். ஆனால் புதிய ஒளியுணரிகளின் மின்சுற்று படத்தில் சேர்க்கும் இரைச்சல் (மணல் போன்ற புள்ளிகள்) குறைவு என்பதால், நிழல்களைப் பின்னர் வெளிச்சமாக்கும் வேலையில் அவை முந்துகின்றன. டி3 தரும் 12.1 மில்லியன் துணுக்குகள், அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற அச்சில் 14க்கு 9 அங்குலப் படத்துக்குப் போதும். வழக்கமான திருமண அல்பங்களுக்கு அதைவிட அதிகம் தேவைப்படுவதில்லை என்பது என் கணிப்பு.

தேய்வது ஷட்டர். அதில் ஒளியுணரிக்கு முன்னால் இரண்டு திரைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. வேகமான திறப்புகளில் இரண்டாவது திரை முதலாவதை உடனே துரத்துவதால், ஒரு மெல்லிய பிளவு மட்டுமே ஒளியுணரியைக் கடந்து செல்கிறது. டி3இன் ஷட்டர் 300,000 முறை இயங்குமளவுக்குச் சோதிக்கப்பட்டது. நிக்கோனின் இன்னொரு கமராவான டி700இல் அது 150,000. எத்தனை முறை இயங்கியது என்பதை நிக்கோன் படக்கோப்பின் உட்தகவலிலேயே படிக்கலாம். திரைகளின் வேகம் ஒத்துப்போகாவிட்டால், செக்கனின் 8,000இல் ஒரு பங்குத் திறப்பில் எடுத்த படத்தின் ஒரு விளிம்பு இருண்டிருக்கும். இந்தச் சோதனையைப் பகல் வெளிச்சத்தில் செய்ய வேண்டும். எல்ஈடி விளக்கின் துடிப்பு பொய்யான பட்டைகளைக் காட்டும். மலையகத்தின் வெண்மூடுபனி இதற்கு அருமையான பின்னணி. அதே பனியை நோக்கி, வில்லையின் துவாரத்தை எஃப்22 என்ற சிறிய அளவுக்குக் குறுக்கி, குவியத்தைக் கலைத்து இன்னொரு படம் எடுத்தால், ஒளியுணரியின் மேலுள்ள தூசு கரும்புள்ளிகளாகத் தெரியும். தூசைத் துடைத்துவிடலாம், கீறலை அகற்ற முடியாது.

அந்தப் பனிதான் பெரிய பகையும் கூட. பங்கசு வித்திகள் எங்கும் உள்ளன. சாரீரப்பதன் (காற்றின் ஈரப்பதன்) நீண்ட காலம் 70 சதவீதத்துக்கு மேல் நின்றால், தூசையும் எண்ணெய்ப் பசையையும் உண்டு அவை வில்லைக்குள் வளர்கின்றன. அவை சுரக்கும் அமிலங்கள் கண்ணாடியின் மேற்பூச்சை அரிப்பதால், துடைத்த பிறகும் தழும்பு எஞ்சலாம். வில்லையின் பின்புறமிருந்து டோர்ச் ஒளியைப் பாய்ச்சிப் பாருங்கள். சிலந்தி நூல் போன்ற இழைகள் தெரிந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்க வேண்டாம்.

நுவரெலியாவின் 12 பாகைக் குளிரில் இருந்த கமராவைக் கொழும்புக்கு எடுத்துச் சென்று உடனே வெளியே எடுத்தாலும் ஆபத்துதான். அங்கே பனிபடுநிலை, அதாவது காற்றிலுள்ள நீராவி நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 23, 24 பாகை வரை இருப்பதால், குளிர்ந்த கண்ணாடியிலும் உலோகத்திலும் நீர் படிகிறது. கருவி அறை வெப்பநிலையை அடையும் வரை இறுகக் கட்டிய பொலித்தீன் பைக்குள் இருக்கட்டும். வீட்டில் அதைத் தோல் உறையில் வைப்பதைத் தவிர்த்து, சிலிக்கா ஜெல் இட்ட காற்றுப்புகாப் பெட்டியில், 40 முதல் 50 சதவீத ஈரப்பதனில் வைப்பது நல்லது.

ஆகவே, ஈரமான அலுமாரிக்குள் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்து 10,000 படங்களே எடுத்த கருவியைவிட, நாள்தோறும் உழைத்து 80,000 படங்கள் எடுத்த ஸ்டூடியோக் கருவியையே நான் நம்புவேன். ஷட்டரின் தேய்வுக்கு ஓர் எண் உண்டு. முடங்கிய கருவியில் நடந்தவற்றுக்கு அப்படி எந்தக் கணக்கும் இல்லை. நீர் புகாமல் காக்கும் றப்பர் வளையங்கள் எப்படியும் வயதாகி இறுகியிருக்கும் என்பதால், புதிதாக இருந்தபோது அது மழையைத் தாங்கியதை நம்பி மஸ்கெலியாவின் தென்மேற்குப் பருவமழையில் நனையவிடக் கூடாது.

விலை பேசுமுன் மின்கலத்தையும் பாருங்கள். லித்தியம் அயன் மின்கலம் பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் கொள்ளளவை இழக்கும். டி3இன் திரையில் தோன்றும் பட்டியலில் (மெனுவில்) அதன் முதுமை 0 முதல் 4 வரை காட்டப்படுகிறது, 4 என்றால் மாற்ற வேண்டும். மாற்று மின்கலமும் படங்களைச் சேமிக்கும் கொம்பெக்ட் ஃப்ளாஷ் அட்டையும் எங்கே, என்ன விலைக்குக் கிடைக்கும் என்று விசாரித்து, அச்செலவையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும். வாடிக்கையாளர்கள் வீடியோவும் கேட்பார்கள் என்றால் டி3 பொருந்தாது. அதில் அந்த வசதியே இல்லை.