வெளிநாட்டுப் பெண்கள் அமைப்புகளில் தன்னார்வப் பணி: விண்ணப்பிக்கும் முன் மாணவர்கள் பார்க்க வேண்டியவை

சமூகப்பணி படிக்கும் மாணவர்களின் களப்பணியை மேற்பார்வை செய்வது என் வேலை. செமஸ்டர் விடுமுறை நெருங்கினால், பரிந்துரைக் கடிதம் கேட்டு வருவார்கள். ஆப்பிரிக்காவிலோ நேபாளத்திலோ பெண்கள் முன்னேற்றத்துக்காக இயங்கும் அமைப்பில் சில வாரங்கள் தன்னார்வலராக இருக்க ஆசை. நல்ல ஆசைதான். அங்கே என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டால், "பெண்களுக்கு விழிப்புணர்வு கொடுப்பேன் மேடம்" என்ற பதில்தான் அதிகம் வருகிறது.

அந்தப் பெண்களின் மொழி தெரியாது, வீட்டு நிலவரம் தெரியாது. அவர்களுக்குக் குறைவது விழிப்புணர்வுதான் என்று இங்கிருந்தே முடிவு செய்துவிடுகிறோம். அப்படி வருபவர்களிடம் பிரிட்டனைச் சேர்ந்த ஆன் காட்டன் என்ற பெண்ணைப் பற்றிச் சொல்வேன். 1991-இல் ஜிம்பாப்வேயின் மோலா என்ற கிராமப்புறப் பகுதிக்கு அவர் ஆய்வுக்காகப் போனார். பெண் பிள்ளைகள் ஏன் பள்ளிக்கு வருவதில்லை என்பது கேள்வி. பண்பாடுதான் தடை என்று வெளியே பலரும் நம்பியிருந்தார்கள். வீடுகளில் பேசிப் பார்த்தபோது தெரிந்தது வேறு: கட்டணம் கட்டவும் புத்தகம் வாங்கவும் பணமில்லை. ஒரு பிள்ளைக்குத்தான் முடியும் என்றால், பின்னாளில் சம்பள வேலை கிடைக்க வாய்ப்புள்ள பையனை அனுப்பினார்கள். ஊர் திரும்பிய காட்டன் கேம்பிரிட்ஜில் கேக் விற்றுப் பணம் சேர்த்தார். அந்தப் பணத்தில் முதலில் 32 சிறுமிகள் படித்தார்கள். 1993-இல், பெண் பிள்ளைகளின் படிப்புக்கு உதவும் கேம்ஃபெட் அமைப்பு பிறந்தது.

அதன் உதவியில் படித்த இளம்பெண்கள் பலர் இன்று உள்ளூர்ப் பள்ளிகளில் 'லேர்னர் கைடு' (மாணவர் வழிகாட்டி) என்ற பெயரில் தன்னார்வலர்களாக இருக்கிறார்கள். தொழில் தொடங்க அவர்களுக்கு வட்டியில்லாக் கடன் கிடைக்கிறது. பள்ளியில் பிள்ளைகளோடு செலவிடும் நேரமே அந்த வட்டிக்கு ஈடு. ஓர் அமைப்பைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான்: பொறுப்பிலும் களத்திலும் அந்த ஊர்ப் பெண்கள் இருக்கிறார்களா? இணையதளம் முழுக்க வெளிநாட்டு மாணவர்களின் சிரித்த முகங்களாகவே இருந்தால் யோசியுங்கள்.

அடுத்தது பணம். தன்னார்வப் பணிக்கு இடம் பிடித்துத் தருவதாகச் சொல்லிப் பெரிய தொகை கேட்கும் இடைத்தரகர்கள் உண்டு. அந்தத் தொகையில் எவ்வளவு அந்தப் பெண்களுக்குப் போகிறது என்று எழுத்தில் கேளுங்கள். ஐ.நா. அமைப்புகளின் பெயரைச் சொல்லி விண்ணப்பக் கட்டணம் கேட்டால் அது மோசடி. ஆள் சேர்ப்பின் எந்தக் கட்டத்திலும் ஐ.நா. கட்டணம் வாங்குவதில்லை. விசாவையும் பாருங்கள். சுற்றுலா விசாவில் தன்னார்வப் பணி செய்வது பல நாடுகளில் விதிமீறல்.

விமானம் ஏறித்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. ஐ.நா. தன்னார்வலர் திட்டத்தில் 18 வயது நிறைந்தவர்கள் வீட்டிலிருந்தபடியே இணையவழிப் பணிக்கு விண்ணப்பிக்கலாம். மொழிபெயர்ப்பு, வடிவமைப்பு, தரவுகளை ஒழுங்குபடுத்துவது என்று அமைப்புகள் தங்களுக்கு வேண்டியதைச் சொல்லியே ஆள் கேட்கின்றன. கேட்ட வேலையைக் கேட்ட தேதிக்குள் முடித்துக் கொடுத்தாலே பெரிய உதவி.

நம் மாணவர்களுக்கு ஓர் அனுகூலமும் உண்டு. 1991-இல் நைஜரில் கேர் என்ற பன்னாட்டுத் தொண்டு அமைப்பு தொடங்கிய பெண்கள் சேமிப்புக் குழு முறை இன்று ஆப்பிரிக்காவில் பல நாடுகளில் இருக்கிறது. குழுவின் பணம் ஓர் இரும்புப் பெட்டியில் இருக்கும். பெட்டிக்கு மூன்று பூட்டு. சாவிகள் மூன்று பெண்களிடம், பெட்டி நான்காவது பெண்ணிடம். கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும்தான் திறப்பார்கள். அம்மாவோடு மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டத்துக்குப் போன பிள்ளைக்கு இந்தப் பெட்டியின் அருமை சொல்லாமலே புரியும். தர்மபுரியில் 1989-இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கிய குழுக்களின் வழியில் வந்தவைதான் நம் ஊர்க் குழுக்களும். அதனால் வெளிநாடு போக விரும்பும் மாணவரை முதலில் பக்கத்துத் தெருக் குழுவில் சில மாதம் கணக்கு எழுத அனுப்புகிறேன். தவணை தவறிய பெண்ணிடம் மற்றவர்கள் எப்படிப் பேசுகிறார்கள், யார் வாய் திறப்பதே இல்லை என்பதெல்லாம் அங்கேதான் பழகும்.

அப்புறம், புகைப்படம். வன்முறையிலிருந்து மீண்டு வந்த பெண்ணின் முகம் உங்கள் இன்ஸ்டாகிராமில் வந்தால் அவள் இருக்கும் இடம் தெரிந்துவிடலாம். அவள் சம்மதித்தாலும் அமைப்பின் அனுமதி இல்லாமல் எதையும் பதிவிடாதீர்கள். இதற்கென எழுத்து வடிவில் விதி இல்லாத அமைப்புக்கு நான் பரிந்துரைக் கடிதம் தருவதில்லை.