பொம்மை வீட்டின் கொல்லைப்புறம்: தொட்டி சுருங்கும், தண்ணீர் சுருங்காது

ஐந்தடி நீளமுள்ள பழைய வார்ப்பிரும்புக் குளியல் தொட்டி ஒன்றில் ஏறக்குறைய 150 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அதையே பொம்மை வீட்டுக்காகச் செய்தால் நீளம் ஐந்து அங்குலம். ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்பதுதான் இந்தக் கலையில் பெரும்பாலோர் பின்பற்றும் கணக்கு. தண்ணீர் எவ்வளவு பிடிக்கும்? வெறும் 87 மில்லி, ஒரு டம்ளர் காபிக்கும் குறைவு. நீளம், அகலம், ஆழம் மூன்றுமே 12 மடங்கு குறைவதால் கொள்ளளவு 1,728 மடங்கு குறைந்துபோகிறது. 140 கிலோ தொட்டியின் எடையும் அதே கணக்கில் 81 கிராமுக்கு இறங்கிவிடும்.

கொள்ளளவும் எடையும் கணக்குப்படி குறையும். தண்ணீரின் குணம்தான் குறையாது. லண்டனுக்கு அருகே வின்ட்சர் கோட்டையில் இருக்கும் ராணி மேரியின் பொம்மை வீட்டை எட்வின் லட்யன்ஸ் வடிவமைத்தார்; 1924இல் முடிந்த அந்த வீட்டில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், கழிப்பறையில் ஃப்ளஷ்கூட வேலை செய்யும். ஆனால் குழாயிலிருந்து சொட்டும் ஒரு துளியின் குறுக்களவு நான்கு, ஐந்து மில்லிமீட்டர். அந்த வீட்டில் குடியிருக்கும் பொம்மையின் கண்ணுக்கு அது எலுமிச்சம்பழம் அளவு. துளியின் பருமனை வீட்டின் அளவு தீர்மானிப்பதில்லை, பரப்பு இழுவிசைதான் தீர்மானிக்கிறது.

வடிகால் துளையில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். நிஜத் தொட்டியின் துளை 38 மில்லிமீட்டர் என்றால் பொம்மைத் தொட்டியில் அது மூன்றே மில்லிமீட்டர். தண்ணீரைப் பொறுத்தவரை சுமார் 2.7 மில்லிமீட்டர் என்பது ஓர் எல்லைக்கோடு. அதைவிடப் பெரிய அளவுகளில் புவியீர்ப்பின் கை ஓங்கும். சிறிய அளவுகளில் பரப்பு இழுவிசையின் கை ஓங்கும். அதனால் நிரப்பிய தொட்டி முதலில் நன்றாகவே வடியும், கடைசி ஒரு சென்டிமீட்டர் வரும்போது துளையின் அடியில் ஒரு துளி தொங்கிக்கொண்டு அப்படியே நின்றுவிடும். பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டால் இழுவிசை தளர்ந்து இன்னும் கொஞ்சம் இறங்கும். வேகமும் மாறிப்போகும்: பன்னிரண்டில் ஒரு பங்கு உயரத்திலிருந்து விழும் நீர், 12இன் வர்க்கமூலமான சுமார் மூன்றரை மடங்கு சீக்கிரமாகக் கீழே வந்துவிடும். சிறு மாதிரிகளை வைத்து வெள்ளக் காட்சி எடுக்கும் திரைப்படக்காரர்கள் கேமராவை மூன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டுவது இதனால்தான்.

ஆகவே பெரும்பாலான கைவினைஞர்கள் தண்ணீருக்குப் பதில், கண்ணாடிபோல் கெட்டிப்படும் பிசினான எபாக்ஸி ரெசின் ஊற்றுகிறார்கள். ரெசினும் கடினப்படுத்தியும் டப்பாவில் போட்ட விகிதத்தில்தான் கலக்க வேண்டும். அளவால் கலக்கச் சொல்லியிருந்தால் அளவால், எடையால் என்றால் எடையால். இரண்டின் அடர்த்தியும் வேறு என்பதால் இதை மாற்றிச் செய்தால் மேற்பரப்பு மாதக்கணக்கில் பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும். 87 மில்லியையும் ஒரே மூச்சில் ஊற்றக் கூடாது. கெட்டிப்படும்போது வெப்பம் வெளிப்படும், தடித்த பகுதியில் அந்த வெப்பத்துக்குப் போக வழியில்லை. மஞ்சளாகும், விரிசல் விடும். ஐந்து மில்லிமீட்டர் அடுக்காக ஊற்றி, ஒவ்வொன்றையும் ஒரு நாள் காயவிட வேண்டும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் தொட்டி என்றால் முதலில் வார்னிஷ் அடித்து அதன் நுண்துளைகளை அடைப்பது முக்கியம். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் காற்று குமிழாகக் கிளம்பி நடுவிலேயே சிக்கிக்கொள்ளும்.

ரெசினுக்கும் பரப்பு இழுவிசை உண்டு. சுவரோரம் அது ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மேலேறி நிற்கும். பொம்மை அளவில் பார்த்தால் தண்ணீர் தொட்டியின் பக்கவாட்டில் இரண்டு சென்டிமீட்டர் ஏறிப் படர்ந்ததுபோல் தெரியும். நீர்மட்டம் வரவேண்டிய கோட்டுக்கு மேலே மெழுகை மெல்லத் தேய்த்துவிட்டால் இந்த ஏற்றம் குறையும். இன்னொன்று, ரெசின் தண்ணீரைவிட ஒளியை அதிகம் வளைப்பதால் அடித்தளம் மேலெழுந்து தெரியும். மூன்று சென்டிமீட்டர் ஆழத் தண்ணீர்போல் தோன்ற வேண்டுமானால் மூன்றரை சென்டிமீட்டர் ரெசின் வேண்டும்.

தொட்டியின் உடலுக்கு வருவோம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஜான் மைக்கேல் கோலர் 1883இல் கால்நடைப் பண்ணைக்கான வார்ப்பிரும்புத் தொட்டிக்கு எனாமல் பூசி, நான்கு கால் வைத்துக் குளியல் தொட்டியாக விற்றதிலிருந்து அவருடைய நிறுவனத்தின் குளியல் தொட்டிக் கதை தொடங்குகிறது. எனாமல் என்பது கண்ணாடி. பழுக்கக் காய்ந்த இரும்பின் மீது கண்ணாடித் தூளைச் சலித்துத் தூவினால் அது உருகிப் பரவும். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது: இரும்பைவிடக் கண்ணாடி சற்றுக் குறைவாகச் சுருங்கும்படி அதன் கலவை இருக்க வேண்டும். அப்போதுதான் ஆறிய பிறகு கண்ணாடி அமுக்கத்தில் இருக்கும். கண்ணாடி அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. விகிதம் தவறினால் முடியிழை விரிசல்கள் விழுந்து, அவற்றின் வழியே துரு கிளம்பும்.

இதைத் தெரிந்து வைத்திருந்தால் பொம்மைத் தொட்டியின் கறையை எங்கே வைப்பது என்று குழம்ப வேண்டியதில்லை. குழாய் சொட்டும் இடத்துக்கு நேர்கீழே ஒரு மெல்லிய பழுப்புக் கோடு, வடிகாலைச் சுற்றி ஒரு வளையம், செம்புக் குழாய் இருந்த வீடானால் பச்சை கலந்த நீலக் கீற்று. வேறெங்கும் வேண்டாம். சுவரின் தடிமனில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். நிஜத்தில் ஆறேழு மில்லிமீட்டர், பொம்மையில் அரை மில்லிமீட்டர். களிமண்ணில் அதை எட்ட முடியாது. நான்கு மில்லிமீட்டர் உருண்டை விளிம்பை வெளிப்பக்கமாகத் தொங்கவிட்டு, சுவரை விளிம்பருகே மட்டும் தேய்த்து மெலிதாக்கினால் கண் ஏமாந்துவிடும். வெள்ளைப் பெயின்ட்டை நான்கைந்து மெல்லிய பூச்சாக அடித்து, இடையிடையே 600ஆம் நம்பர் உப்புத்தாளால் தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும்.

குழாய் வசதி வராத பண்ணை வீடுகளில் இருந்தது ஜி.ஐ. தகட்டுத் தொட்டி. சனிக்கிழமை இரவில் சமையலறை அடுப்பருகே அதைக் கொண்டுவந்து வைப்பார்கள், வீட்டார் ஒருவர் பின் ஒருவராக ஒரே தண்ணீரில் குளிப்பார்கள். 60 லிட்டர் தண்ணீரை 10 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குக் கொண்டுவர 7,500 கிலோஜூல் வெப்பம் தேவை. அந்த 60 கிலோவையும் கைப்பம்பிலிருந்து வாளி வாளியாகச் சுமக்கவும் வேண்டும். தண்ணீரை மாற்றாததன் காரணம் சோம்பல் இல்லை. எனவே இந்தத் தொட்டியின் ரெசினில் துளி வெள்ளையும் சாம்பல் நிறமும் கலந்து கலங்கலாக்குவதுதான் உண்மைக்கு நெருக்கம். தகட்டுக்குக் குளிர்பானக் கேன் பொருந்தும். அது 0.1 மில்லிமீட்டர் தடிமன், பொம்மை அளவுக்குப் போதுமான மெலிவு. அச்சையும் உட்பூச்சையும் உப்புத்தாளால் நீக்கிவிட வேண்டும். அலுமினியத்தின் மேல் எப்போதும் ஆக்சைடு படலம் இருப்பதால் சாதாரண ஈயப் பற்றவைப்பு ஒட்டாது, எபாக்ஸி பசைதான் வழி.

இனி கொல்லைப்புறம். அமெரிக்கக் கிராமங்களின் குழிக் கழிப்பறை பெரும்பாலும் நான்கடிக்கு நான்கடி, முன்பக்கம் ஏழடி உயரம். பொம்மை அளவில் நான்கு அங்குலச் சதுரம், ஏழு அங்குல உயரம். முக்கால் அங்குலப் பலகைக்குப் பதினாறில் ஓர் அங்குல பாஸ்வுட் (நெருக்கமான ரேகையுள்ள இலகு மரம்) சரியாகப் பொருந்துகிறது. பைன் கூடாது, அதன் ஆண்டு வளையங்கள் அகலமானவை, ஒரு பலகையில் இரண்டே கோடு விழுந்து பொம்மைத்தனம் தெரிந்துவிடும்.

வெயிலில் கிடக்கும் பலகை சாம்பல் நிறமாவது புற ஊதாக் கதிரின் வேலை. அது மரநார்களை ஒட்டிவைக்கும் லிக்னினைச் சிதைக்கிறது, மழை கழுவிச் செல்கிறது, வெளிறிய செல்லுலோஸ் மிஞ்சுகிறது. இதை இரண்டு நாளில் செய்ய ஒரு வேதியியல் குறுக்குவழி உண்டு. 250 மில்லி வெள்ளை வினிகரில் மெல்லிய ஸ்டீல் வூல் ஒரு உருண்டை போட்டு இரண்டு நாள் ஊறவிட்டால் இரும்பு அசிடேட் கிடைக்கும். மூடியை இறுக்கக் கூடாது, ஹைட்ரஜன் வெளிவரும். பாஸ்வுட்டில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் குறைவு என்பதால், முதலில் கெட்டியான தேயிலை டிகாக்ஷன் பூசிக் காயவைத்து, அதன்மேல் இந்தக் கரைசலைத் தடவ வேண்டும். சில நிமிடங்களில் பலகை கண்முன்னே கருத்துச் சாம்பலாகும். கடுக்காயின் டானினும் வெல்லத்தில் ஊறிய இரும்பும் சேர்ந்து கலம்காரித் துணியில் கறுப்பைத் தருவதும் இதே வேதிவினைதான். பலகையின் இரண்டு பக்கமும் பூசிப் பாரம் வைத்துக் காயவிடுங்கள், ஒரு பக்கம் மட்டும் நனைந்தால் வளைந்துவிடும். ஒட்டுவதற்கு முன்பே நிறமேற்றுவது அவசியம். ஃபெவிக்கால் கசிந்த இடத்தில் கரைசல் இறங்காமல் வெள்ளைத் திட்டு நிற்கும். தரையிலிருந்து அரை அங்குலம் வரை கூடுதல் கருமை தேவை, மழைநீர் தெறிக்கும் பகுதி அது.

உட்காரும் பலகை ஒன்றரை அங்குல உயரம், துளையின் நீளம் 22 மில்லிமீட்டர். பக்கத்தில் சாம்பல் அல்லது சுண்ணாம்பு வாளி ஒன்று. உலர்ந்த தூள் ஈரத்தை உறிஞ்சும், ஈ முட்டையிடுவதைக் குறைக்கும். வாளியில் சாக்பீஸ் தூளை நிரப்பலாம். துடைக்கும் தாளாக ஆணியில் மாட்டிய, சியர்ஸ் என்ற தபால்வழி விற்பனை நிறுவனத்தின் விலைப்பட்டியல் புத்தகம் இல்லாமல் காட்சி நிறைவடையாது. வழவழப்பான தாளுக்கு மாறியபோது அதன் இந்தப் பயன் குறைந்தது, தாளின் துளைகளைக் களிமண் பூச்சு அடைத்துவிட்டதால்.

உங்கள் மாதிரி எந்தக் காலத்தது என்பதைக் காற்றுக் குழாய் சொல்லிவிடும். 1935இல் தொடங்கிய அமெரிக்க அரசு வேலைத் திட்டம் இருபது லட்சத்துக்கும் அதிகமான கழிப்பறைகளைக் கட்டியது: கான்கிரீட் தளம், தானே மூடிக்கொள்ளும் மூடி, வலையடித்த காற்றுப் போக்கி. கொக்கிப் புழுவின் குஞ்சுகள் மலம் கலந்த மண்ணிலிருந்து வெறுங்கால் வழியே ஏறுவதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு. போக்கியின் உச்சியைக் காற்று கடக்கும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. குழிக் காற்று மேலே இழுக்கப்பட, அறையின் காற்று துளை வழியே கீழே இறங்குகிறது. நாற்றம் அறைக்குள் வருவதில்லை. குழியிலுள்ள ஈக்கள் வெளிச்சத்தை நோக்கிப் பறந்து உச்சி வலையில் முட்டி நின்றுவிடும். அறை இருட்டாக இருந்தால்தான் இது பலிக்கும், ஆகவே 1940ஆம் ஆண்டு மாதிரிக்குப் பெரிய சன்னல் வைக்காதீர்கள். பழைய மாதிரி என்றால் குழாய் வேண்டாம், கதவில் பிறை வடிவத் துளை போதும். குழி நிறைந்ததும் புதுக் குழி தோண்டிக் கூண்டை நகர்த்துவார்கள் என்பதால் அதற்கு அஸ்திவாரமும் கிடையாது. இரண்டு மரக்கட்டைகள்மேல் சற்றே சாய்ந்து நிற்கட்டும்.

மிச்சமிருப்பது தூரம். கிணற்றுக்கும் குழிக்கும் இடையே குறைந்தது 50 அடி விட்டு, சரிவின் கீழ்ப்பக்கம் தோண்டச் சொல்வார்கள். பொம்மைக் கணக்கில் அது 50 அங்குலம், 127 சென்டிமீட்டர். பெரும்பாலான காட்சிப் பலகைகளைவிட நீளம். இடமில்லை என்று கைப்பம்புக்கு ஒரு சாண் தள்ளிக் கழிப்பறையை ஒட்டிவிடுகிறார்கள். அதைத் தனிப் பலகையில் அமைத்து, வீட்டின் பின்கதவிலிருந்து கிளம்பும் ஒற்றையடிப் பாதையைக் காட்சிப் பலகையின் ஓரத்தில் முடித்து, அடுத்த பலகையில் அதே அகலத்தில் தொடரவிடுங்கள். பாதையின் நடுப்பகுதியில் புல் இருக்கக் கூடாது. இரவும் பகலும் நடந்த தடம் அது.