மண்டையோட்டில் பிளாஸ்மா செல் கட்டி: முதலமைச்சர் காப்பீட்டில் சிகிச்சை பெறுவது எப்படி?

மண்டையோட்டு எலும்பில் ஒரே ஒரு கட்டி. பயாப்ஸியில் (திசுப் பரிசோதனையில்) பார்த்தால் பிளாஸ்மா செல்கள், அதாவது நோய் எதிர்ப்புப் புரதங்களைச் சுரக்கும் ஒரு வகை வெள்ளையணுக்கள். இதைத் தனித்த பிளாஸ்மாசைட்டோமா என்பார்கள். மிக அரிதான நோய் என்பதால், "இதற்கெல்லாம் காப்பீடு கிடைக்குமா?" என்று குடும்பத்தினர் பயப்படுவது இயல்புதான். தமிழக முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அனுமதி பெரும்பாலும் செய்யப்போகும் சிகிச்சையை வைத்தே தரப்படுகிறது. கட்டியை அகற்றும் அறுவை, கதிர்வீச்சு என்ற கணக்கில்தான் மருத்துவமனை விண்ணப்பிக்கும். அதனால் நோயின் பெயர் அரிதாக இருப்பதைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கானது இந்தத் திட்டம். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போனால் பதிவு செய்யலாம். குடும்பம் முழுவதற்கும் சேர்த்து ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும்.

இந்த நோயில் பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஸ்கேனில் இது மெனிஞ்சியோமா (மூளையைச் சுற்றியுள்ள உறையில் வளரும் கட்டி) போலவோ, வேறு உறுப்பிலிருந்து பரவிய புற்றுநோய் போலவோ தெரியலாம். எனவே முதல் அனுமதி பெரும்பாலும் மூளைக் கட்டி அறுவைக்கு என்றே வாங்கப்படும். மூளையை அழுத்தும் கட்டியை எடுப்பதும், எடுத்ததைப் பரிசோதித்து என்ன நோய் என்று உறுதி செய்வதும் அந்த அறுவையின் வேலை. இந்தக் கட்டிகளில் ரத்த ஓட்டம் அதிகம் என்பதால், நரம்பியல் அறுவைப் பிரிவும் ரத்த வங்கியும் நன்றாக உள்ள மருத்துவமனையே பாதுகாப்பானது.

ஆனால் இந்த நோய்க்கு முதன்மையான சிகிச்சை கதிர்வீச்சு. வழக்கமாக 40 முதல் 50 கிரே (கதிர்வீச்சு அளவின் அலகு) வரை, நான்கைந்து வாரங்களில் பிரித்துத் தருவார்கள். தையல் பிரித்ததும் "கட்டியை எடுத்தாச்சு" என்று வீட்டோடு இருந்துவிட்டால் பெரிய ஆபத்து. கதிர்வீச்சுக்குத் தனியாக அனுமதி வாங்க வேண்டும். அறுவை செய்த இடத்தில் அந்த வசதி இல்லையென்றால் வேறு மருத்துவமனைக்கு மாறவும் வேண்டியிருக்கும். டிஸ்சார்ஜ் ஆகும்போதே பயாப்ஸி அறிக்கை, கண்ணாடி ஸ்லைடுகள், பிளாக் (மெழுகில் பதித்து வைத்த கட்டித் திசு), ஸ்கேன் சிடி எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இவை கையில் இல்லாவிட்டால் அடுத்த மருத்துவமனையில் எல்லாம் தாமதமாகும். இரண்டு சிகிச்சைக்கும் பணம் அதே 5 லட்சத்திலிருந்துதான் கழியும். மீதி எவ்வளவு என்று காப்பீட்டுக் கவுண்டரில் கேளுங்கள்.

கட்டி உண்மையிலேயே ஒன்றுதானா, அல்லது மல்டிபிள் மைலோமாவின் (எலும்பு மஜ்ஜையில் பல இடங்களில் பரவும் பிளாஸ்மா செல் புற்றுநோயின்) ஒரு பகுதியா என்பதையும் உறுதி செய்ய வேண்டும். அதற்கு எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை, ரத்தப் புரதப் பரிசோதனை, பெட் ஸ்கேன் அல்லது முழு உடல் எம்ஆர்ஐ எல்லாம் தேவைப்படும். எலும்பில் தனிக் கட்டியாகத் தொடங்குபவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பத்தாண்டுக்குள் மைலோமா வரலாம். எனவே நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும், டாக்டர் சொன்ன தேதியில் போய் ரத்தப் பரிசோதனை செய்துவிட வேண்டும்.

சிகிச்சைக்குப் போய்வர ரயிலில் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர் வகுப்பில் முழுக் கட்டணச் சலுகையும், துணைக்கு வருபவருக்கு 75 சதவீதச் சலுகையும் உண்டு. அதற்குரிய படிவத்தில் மருத்துவமனையின் கையெழுத்து வேண்டும். அனுமதி கிடைத்த சிகிச்சைக்கு யாராவது தனியாகப் பணம் கேட்டால், 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் அப்போதே புகார் சொல்லுங்கள்.