புள்ளிகள் குறைந்த ஆட்டக்காரரை எப்படி மதிப்பிடுவது?

இளையோர் கூடைப்பந்து அணிகளுக்குப் பயிற்சி அளிப்பவன் என்ற முறையில், பெற்றோரும் தேர்வாளர்களும் என்னிடம் அடிக்கடி கேட்பது, "போன வருடம் நன்றாக ஆடிய பையனுக்கு இப்போது என்ன ஆயிற்று?" என்பதுதான். பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. பந்தைக் கையில் வைத்து ஆட்டத்தை நடத்திய பாயிண்ட் கார்டு, புதிதாக ஒருவர் வந்ததால் களத்தின் மூலைக்கு நகர்த்தப்பட்டிருப்பார். அவர் அங்கே நிற்பதாலேயே எதிரணித் தடுப்பாளர் ஒருவர் கூடையடியை விட்டு வெளியே வர நேர்ந்து, சக வீரர் உள்ளே புகுந்து எளிதாகப் புள்ளி எடுத்திருப்பார். ஸ்கோர்ஷீட்டில் அதற்கென்று கட்டம் கிடையாது.

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் இதற்குப் பலரும் சுட்டும் பெயர் ஆண்ட்ரே இகுவடாலா. 2014 வரை தாம் ஆடிய 758 லீக் ஆட்டங்களிலும் தொடக்க ஐவரில் இருந்தவரை, கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் பயிற்சியாளர் ஸ்டீவ் கெர் மாற்று வீரராகப் பெஞ்சிலிருந்து இறக்கினார். சராசரி 7.8 புள்ளிகளாகக் குறைந்தது. 2015 இறுதித் தொடரில் 1-2 எனப் பின்தங்கிய நிலையில், நான்காவது ஆட்டத்தைத் தொடங்க அவரை அனுப்பினார்கள். 22 புள்ளிகள் எடுத்ததோடு, எதிரணி நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸைத் தடுக்கும் பொறுப்பையும் ஏற்ற அவரே தொடரின் சிறந்த வீரரானார்.

என் மாணவர்களுக்கு நான் கூடுதலாகச் சொல்வது புரூக் லோபஸின் கதை. ஏழடி உயரமுள்ள அவர், முதல் எட்டு பருவங்களில் தொலைவிலிருந்து எறியும் மூன்று புள்ளி எறிதல்களை மொத்தமே 31 முறை முயன்று 3-ஐ மட்டும் போட்டவர்; 2016-17 பருவத்தில் மட்டும் 387 முறை முயன்று 134 போட்டார். ஆனாலும் "இவ்வளவு உயரம் இருந்தும் ரீபவுண்ட் எடுப்பதில்லை" (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பதுதான் ரீபவுண்ட்) என்ற பழி அவரை விடவில்லை. வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் விஷயம் தெரியும்: எறிந்த பந்து காற்றில் இருக்கும்போதே அவர் எதிரணியின் பெரிய ஆளை முதுகால் தள்ளி அடைத்துக்கொண்டு நிற்பார், விழும் பந்தைச் சக வீரர் எடுத்துக்கொள்வார். ரீபவுண்ட் அந்தச் சக வீரரின் கணக்கில் ஏறும். 2018-இல் மில்வாக்கி பக்ஸ் அணி அவரைச் சுமார் 34 லட்சம் டாலருக்கு ஓராண்டு ஒப்பந்தத்தில் எடுத்தது. கூடைக்கு அருகே தடுப்பது, வெளியே நின்று எறிவது என்று பொறுப்பு தெளிவானதும், அடுத்த ஆண்டே நான்கு ஆண்டுகளுக்கு 5.2 கோடி டாலர் கிடைத்தது. 2022-23-இல் லீக்கின் சிறந்த தடுப்பாளர்கள் ஐவரைக் கொண்ட தடுப்பாட்ட முதல் அணியில் இடம் பெற்றார். பத்தாண்டுகளுக்கு முன் அவரைத் தடுப்பாட்டத்துக்காக யாரும் புகழ்ந்ததாக எனக்கு நினைவில்லை.

எனவே ஒருவரின் சராசரி சரிந்திருந்தால், அவர் களத்தில் இருந்த நிமிடங்களையும், அந்த நேரத்தில் அணியின் தாக்குதல்களில் எத்தனை பங்கு அவர் கையில் முடிந்தது என்பதையும் முதலில் பாருங்கள். இவை இரண்டும் குறைந்து, எறிதலின் துல்லியம் மட்டும் அப்படியே இருந்தால், திறமை தேய்ந்துவிட்டதாகச் சொல்வதற்கு ஆதாரமில்லை. யாரைத் தடுக்கச் சொன்னார்கள் என்பதையும் பயிற்சியாளரிடமே கேட்டுவிடலாம், எங்களில் பலர் மகிழ்ச்சியோடு பதில் சொல்வோம்.

எல்லா மாற்றமும் நற்பெயரில் முடிவதில்லை. 2016-17-இல் லீக்கின் மிகச் சிறந்த வீரராகத் தேர்வான ரஸல் வெஸ்ட்புரூக், 2021-இல் லேக்கர்ஸ் அணிக்குப் போனபோது, பந்து அப்போது அங்கே ஆடிய லெப்ரானிடம் இருக்கையில் வெளியே காத்து நிற்க வேண்டியதாயிற்று. வெளியிலிருந்து எறிவது அவரது பலம் அல்ல என்பதால், தடுப்பாளர்கள் அவரை விட்டுவிட்டு உள்ளே குவிந்தார்கள். பழியில் பெரும்பகுதி அவர்மீது விழுந்தது, அவரை அந்த இடத்துக்குத் தேர்ந்தெடுத்த நிர்வாகத்தைப் பற்றிய பேச்சு அந்த அளவுக்கு எழவில்லை. மறு பருவத்தில் பெஞ்சிலிருந்து இறங்கி மாற்று வீரர்களின் இரண்டாம் குழுவை நடத்தும் வேலையைக் கொடுத்தபோது பந்து மறுபடி அவர் கைக்கு வந்தது, விமர்சனத்தின் சூடும் ஓரளவு தணிந்தது.